விசாரியாது விதித்த தீர்ப்பு

அண்மையில் நமது நகரில் நடைபெற்ற ஓர் இசை விழாவுக்கு நாமும் போயிருந்தோம். பாட்டும் வாத்தியமும் நன்றாகவே நடந்தேறின. இடையிலே பேசவந்த பிரசங்கியார் ஒருவர், மேனாட்டு இசைப் பெரும்புலவராகிய மொசார்ட்டின் வரலாற்றை எடுத்துரைக்கப் புகுந்தார். ஐந்து வயதில் அவர் இசை அமைத்ததைச் சொன்னார், கேட்டோர் வியந்தனர். முப்பத்தைந்து வயதில் அவர் மாண்டதைச் சொன்னார், கேட்டோர் வருந்தினர். பிறகு குரலைத் தாழ்த்தி, “சாலியேரி என்னும் அரண்மனை வித்வான் பொறாமை தாளாமல் மொசார்ட்டுக்கு நஞ்சிட்டுக் கொன்றான், மழையும் பனியும் புயலுமாயிருந்த நாளில், துணைக்கு ஒருவருமின்றி, அம்மேதையின் பிணத்தை அநாதைகளின் குழியிலே வீசினார்கள்” என்று முடித்தார். சபை முழுவதும் உச்சுக் கொட்டிற்று. நமக்கருகில் வீற்றிருந்த மூதாட்டியார் ஒருவர், “அந்தப் பாவி நல்ல சாவா செத்திருப்பான்?” என்று முனகினார்.

கூட்டம் கலைந்தபின் நாம் பிரசங்கியாரை அணுகி, “ஐயா, சாலியேரி நஞ்சிட்டார் என்பதற்கு ஆதாரம் யாது?” என்று வணக்கமாகவே வினவினோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, “உலகமே அறிந்த விஷயம், சினிமாப் படமே வந்திருக்கிறதே!” என்றார்.

அவ்விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கொலை என்பது சிறிய குற்றமன்று. ஒரு மனிதன் மீது அதைச் சுமத்துவதற்குச் சினிமாப் படம் சாட்சியாகுமானால், நம்மில் யார்தான் தப்புவோம்? செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்னும் துணிவால் அன்றோ இவ்வளவு எளிதாகப் பழி சொல்லுகின்றோம்! பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியனை நாம் இன்றளவும் மேடைதோறும் இடித்துரைக்கின்றோம். சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்பது ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அதே மேடையில் நின்றுகொண்டே, வேற்று நாட்டான் ஒருவனுக்கு அதே அநீதியை நாம் இழைக்கலாமா?

ஆகவே இவ்வழக்கின் சிலம்பை இங்கே உடைத்துப் பார்ப்போம். அது தமிழில் இல்லை. ஆங்கிலத்திலும் முதலில் எழுதப்பட்டதன்று. ஜெர்மன், இத்தாலி, பிரெஞ்சு மொழிகளில் வியன்னாவிலும் பிராகிலும் பெர்லினிலும் மிலானிலும் கிடக்கின்ற கடிதங்கள், பதிவேடுகள், நாட்குறிப்புகள் ஆகியவைதாம் இவ்வழக்கின் சாட்சிகள்.

முதலில் இருவரும் யார் என்று அறிவோம். அந்தோனியோ சாலியேரி 1750-ம் வருடம் வெனிஸ் குடியரசைச் சேர்ந்த லெஞ்ஞாகோ என்னும் ஊரில் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, 1766-ல் காஸ்மன் என்னும் இசையாசிரியரின் ஆதரவால் வியன்னாவுக்கு வந்து, 1774-ல் அரண்மனை இசைப்புலவராகவும் 1788-ல் அரண்மனை இசைத் தலைவராகவும் உயர்ந்தவர். மொசார்ட் 1756-ல் சால்ஸ்பர்க்கில் பிறந்து, 1781-ல் வியன்னாவில் குடியேறி, 1791-ம் வருடம் டிசம்பர் மாதம் 5-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தவர். ஒரே நகரில், ஒரே அரசவையின் நிழலில், இருவரும் பத்தாண்டுகள் வாழ்ந்தனர்.

மொசார்ட் 1791 நவம்பரின் பிற்பகுதியில் படுக்கையில் விழுந்தார். சுமார் பதினைந்து நாட்களில் இறந்தார். மரணப் பதிவேட்டில், உடலில் சிறு கொப்புளங்கள் அரும்பும் கடுங்காய்ச்சல் என்று அக்கால வழக்கப்படி நோயின் பெயர் எழுதப்பட்டுள்ளது. நஞ்சு என்ற பேச்சே அங்கில்லை. அப்பேச்சு அச்சில் வந்தது பெர்லின் நகரத்து இசை வாரப் பத்திரிகை ஒன்றில். டிசம்பர் 31-ந் தேதியிட்ட அவ்விதழ், இறந்தபின் உடல் வீங்கியிருந்தமையால் நஞ்சிடப்பட்டார் என்றுகூடச் சிலர் எண்ணுவதாக ஒரு செய்தி வெளியிட்டது. கவனியுங்கள்: அச்செய்தி பிராகிலிருந்து எழுதப்பட்டு பெர்லினில் அச்சானது; இறந்ததோ வியன்னாவில். எழுதியவர் நோயாளியைக் கண்டவரல்லர். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் சாலியேரியின் பெயரே கிடையாது.

பிறகு 1798-ல் நீமெட்செக் என்பார் மொசார்ட்டின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். தமக்கு யாரோ நஞ்சிட்டதாக மொசார்ட் தம் கடைசி நாட்களில் மனைவியிடம் கூறி வருந்தினார் என்று அதில் எழுதினார். இது மனைவி கான்ஸ்டன்ஸே வாயிலாக வந்த செய்தியாதலின் நாம் அசட்டை செய்யலாகாது. ஆனால் நோயுற்று மனம் தளர்ந்த ஒருவர் தம் உடல்நிலையைப் பற்றிக் கொண்ட ஐயம் அது. அங்கும் சாலியேரியின் பெயர் இல்லை. அச்சான இவ்விரண்டு பழைய சாட்சியங்களிலும் சாலியேரி குற்றவாளிக் கூண்டில் நிற்கவே இல்லை.

பின்னர் அவரை அக்கூண்டில் ஏற்றியது எது? 1823-ம் வருடத்துக்குப்பின் வியன்னாவில் பரவிய வதந்தி. அப்பொழுது சாலியேரிக்கு எழுபதைக் கடந்த வயது. உடலும் உள்ளமும் நலிந்து மருத்துவமனையில் கிடந்தார். “தாமே மொசார்ட்டுக்கு நஞ்சிட்டதாகக் கிழவர் பிதற்றுகிறாராம்” என்று ஊரில் பேச்சுக் கிளம்பிற்று. இப்பேச்சைப் பீத்தோவனின் உரையாடற் குறிப்பேடுகளில் காணலாம். பீத்தோவன் காது கேளாதவராதலால், வந்தவர்கள் தாம் சொல்ல விரும்பியதை ஏட்டில் எழுதிக் காட்டுவர். அவருடைய தம்பி மகனாகிய கார்லும், உதவியாளராகிய ஷிண்ட்லரும் சாலியேரியைப் பற்றிய இவ்வூர்ப் பேச்சை எழுதியிருக்கின்றனர். பழிசொல்வோர் பெரிதும் நம்பி நிற்பது இதனையே.

நன்று, இதையும் உடைத்துப் பார்ப்போம். கார்லோ ஷிண்ட்லரோ சாலியேரியின் வாயிலிருந்து அவ்வாக்குமூலத்தைக் கேட்டதாக அவ்வேடுகளில் இல்லை. அவர்கள் எழுதியது ஊரார் பேசுவதை. மேலும் இந்த ஷிண்ட்லர், பீத்தோவன் இறந்தபின் அக்குறிப்பேடுகளில் தாமாகவே பல பொய்வரிகளை எழுதிச் சேர்த்தவர் என்பதை 1977-ல் கிழக்கு ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். சாலியேரியைப் பற்றிய வரிகள் யாவும் போலி என்று நாம் சொல்லவில்லை. கார்லின் கையெழுத்தும் அங்குண்டு. ஆயினும், மூல ஏடு என்பதாலேயே அது உண்மை ஏடு ஆகிவிடாது. எழுதிய கை எது, அக்கையின் நேர்மை எத்தகையது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

மறுபக்கத்துச் சாட்சிகள் யாவர்? சாலியேரியை இரவும் பகலும் கவனித்துக்கொண்ட பணியாளர் இருவர், அத்தகைய சொல் எதுவும் அவர் வாயிலிருந்து வரக் கேட்டதேயில்லை என்று 1824 ஜூனில் கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தனர். அதே மாதத்தில் குல்டெனர் என்னும் மருத்துவ அதிகாரி, மொசார்ட்டுக்குச் சிகிச்சை செய்த மருத்துவருடன் அந்நாளிலேயே பேசியவர், மொசார்ட்டைக் கொன்றது அப்பருவத்தில் வியன்னாவில் பலரையும் தாக்கிய காய்ச்சலே என்று கடிதம் வரைந்தார். கார்ப்பானி என்னும் எழுத்தாளர் இக்கடிதத்தை மிலான் நகரத்து இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் அவ்வருடமே வெளியிட்டு, பழியைக் கண்டித்தார். மொஷெலெஸ் என்னும் பியானோ வித்வான் 1823-ல் மருத்துவமனைக்குச் சென்று சாலியேரியை நேரில் கண்டார். வதந்தியில் உண்மையில்லை, அது வெறும் துவேஷம் என்று அம்முதியவர் தம்மிடம் கூறியதாக அவர் குறித்து வைத்தார்.

ஒருபுறம், ஊரார் சொன்னதைக் கேட்டெழுதியவர்கள். மறுபுறம், பக்கத்தில் இருந்தவர்கள், சிகிச்சை செய்தவருடன் பேசியவர், நேரிற் கண்டவர். எந்த நீதிபதி எப்பக்கம் தீர்ப்புச் சொல்லுவார் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

அப்படியாயின் பழி ஏன் சாகவில்லை? 1825 மே 7-ந் தேதி சாலியேரி செத்தார். பழி மட்டும் பிழைத்துக்கொண்டது. 1830-ல் ருஷியப் பெருங்கவியாகிய புஷ்கின் இருவரையும் வைத்து ஒரு குறுநாடகம் எழுதினார். அதில் சாலியேரி மேடையிலேயே நஞ்சைக் கலக்கிறார். 1898-ல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதனை இசை நாடகமாக்கி மாஸ்கோவில் அரங்கேற்றுவித்தார். 1979-ல் பீட்டர் ஷாஃபர் என்னும் ஆங்கிலேயர் ‘அமதேயுஸ்’ என்று ஒரு நாடகம் இயற்றினார். 1984-ல் அது சினிமாப் படமாகி எட்டு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்று உலகெங்கும் ஓடிற்று. வியன்னாவின் ஊர்ப்பேச்சு ருஷிய மொழியில் கவிதையாயிற்று, கவிதை பாட்டாயிற்று, பின்னர் ஆங்கிலத்தில் புதிய நாடகமும் படமும் எழுந்தன, படம் நமது மேடையில் சரித்திரமாயிற்று! மொழிவிட்டு மொழி தாவும்போதெல்லாம் ஒரு ‘ஆம்’ உதிர்ந்து போயிற்று. ‘கொன்றானாம்’ என்றிருந்தது ‘கொன்றான்’ என்றாயிற்று.

அப்படத்திலே இன்னொரு காட்சி உண்டு. சாலியேரி முகமூடி அணிந்து வந்து, இறந்தோர்க்கான ‘ரெக்வியம்’ என்னும் பூசைப் பாட்டை எழுதும்படி மொசார்ட்டை ஏவுகிறார். மொசார்ட் சாகக் கிடக்கையில் பக்கத்திலமர்ந்து அதைக் கேட்டு எழுதுகிறார். உண்மை யாது? அப்பாட்டை எழுதச் சொல்லி ஆளனுப்பியவர் வால்செக் என்னும் பிரபு. 1791 பிப்ரவரியில் இறந்த தம் மனைவியின் நினைவுக்காகக் கேட்டார். அப்பிரபுவின் ஊழியத்திலிருந்த ஹெர்ட்சோக் என்பவர் 1839-ல் இதனை ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதி வைத்தார். அதனை அக்காலத்தில் வெளியிட அரசாங்கத் தணிக்கை இடந்தரவில்லை. 1964-ல்தான் முழுமையாக அச்சில் வந்தது. மொசார்ட் முடிக்காமல் விட்டதை முடித்தவர் சாலியேரி அல்லர், சூஸ்மயர் என்பவர். நாடகக்காரர் நாடகம் எழுதினார். அது அவர் உரிமை. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது நமது சோம்பல்.

இருவரிடையே போட்டியே இருந்ததில்லையா? இருந்தது. அதை மறைக்க நாம் முன்வரவில்லை. 1783-ல் மொசார்ட் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், இத்தாலியர்கள் மீதும் சாலியேரி மீதும் கொண்ட ஐயம் தெரிகிறது. 1786 ஏப்ரலில், ‘ஃபிகாரோவின் திருமணம்’ அரங்கேறும் தறுவாயில், சாலியேரியின் கூட்டத்தார் அதனைக் கெடுக்க முனைவதாகத் தந்தை லெயோபோல்ட் தம் மகளுக்கு எழுதுகிறார். 1789-ல் நண்பர் ஒருவருக்கு எழுதும்போதும் மொசார்ட் சாலியேரியின் சூழ்ச்சிகளைக் குறிப்பிடுகிறார். முன் சொன்ன மொஷெலெஸ்கூட, நஞ்சை மறுத்த கையோடு, சாலியேரி தம் சூழ்ச்சியால் மொசார்ட்டின் வாழ்நாளில் பல பொழுதுகளைக் கசப்பாக்கியிருப்பார் என்றே கருதினார். ஆகவே சாலியேரியைக் கொலைகாரர் என்பது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை அவரை மாசற்ற மகான் என்று இன்று சிலர் தூக்கிவைப்பதும். அரசவைப் பதவிக்குப் போட்டியிட்ட இருவர் ஒருவரையொருவர் ஐயுற்றனர். அவ்வளவே. சங்கத் தேர்தலில் எதிரெதிரே நின்ற இருவர் ஏசிக்கொண்டால், ஒருவர் சாவுக்கு மற்றவரைத் தூக்கிலிடுவோமா?

அதே கடிதங்களின் இறுதியில் இருப்பதையும் படிக்கவேண்டும். நமக்குக் கிடைத்துள்ள மொசார்ட்டின் கடிதங்களிற் கடைசியானது, 1791 அக்டோபர் 14-ந் தேதி மனைவிக்கு எழுதியது. முதல் நாள் மாலை தாமே வண்டியில் சென்று சாலியேரியையும், கவாலியேரி என்னும் பாடகியையும் அழைத்துவந்து, தமது ‘மாயக்குழல்’ இசை நாடகத்தைக் காட்டியதாக அதில் மகிழ்ந்து எழுதுகிறார். தொடக்க இசையிலிருந்து கடைசிக் கூட்டுப்பாட்டுவரை சாலியேரி ஊன்றிக் கேட்டார் என்றும், அவர் வாயாரப் புகழாத பகுதி ஒன்றேனும் இல்லை என்றும் பூரிக்கிறார். இது நடந்தது மொசார்ட் இறப்பதற்கு எட்டு வாரங்களுக்குள். அவ்வாண்டு ஏப்ரலில், சாலியேரி நடத்திய பெரிய இசைக் கச்சேரிகளில் மொசார்ட்டின் சிம்பொனி ஒன்றும் இடம்பெற்றது.

இன்னும் ஒன்று கேளுங்கள். மொசார்ட் இறந்தபோது ஐந்து மாதக் குழந்தையும் ஆகாதிருந்த இளைய மகன் ஃபிரான்ஸ் சாவேர் வளர்ந்தபின் யாரிடம் இசை பயின்றான்? சாலியேரியிடம்! 1807-ல் அவனுடைய திறமையைப் புகழ்ந்து சாலியேரி நற்சான்றும் எழுதிக் கொடுத்தார். கணவனைக் கொன்றவனிடம் மகனைப் பாடம் கேட்க எந்தத் தாய் அனுப்புவாள்? பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் ஆகியோரும் அவரிடம் பாடங்கேட்டவர்களே. பீத்தோவன் தம் வயலின் இசைப் படைப்புகள் மூன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

அண்மையில் கிடைத்த சாட்சி ஒன்றும் உண்டு. 1785-ல் நான்சி ஸ்டோராச்சே என்னும் பாடகி, இழந்த குரலை மீண்டும் பெற்ற மகிழ்ச்சிக்காக, டா போந்தே எழுதிய இத்தாலியப் பாட்டுக்கு மொசார்ட்டும் சாலியேரியும் கார்னெட்டி என்பவரும் சேர்ந்து இசையமைத்தனர். அக்கால வியன்னாப் பத்திரிகை விளம்பரத்தால் இப்படி ஒன்று இருந்தது என்பது தெரிந்திருந்தது. ஆனால் நூல் தொலைந்ததென்றே கருதப்பட்டது. 2015-ன் இறுதியில் பிராக் நகரத்துச் செக் இசை அருங்காட்சியகத்தில் ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவர் அதன் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தார்; 2016-ல் அவ்விசை மீண்டும் ஒலித்தது. சாலியேரியைக் கொலைகாரராகத் தீட்டிய சினிமாப் படம் பெரும்பாலும் எடுக்கப்பட்டது அதே பிராக் நகரில்தான்! நடிகர்கள் அங்கே பகைமையை நடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் கூடிச் செய்த பாட்டோ எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

இனி, பிரசங்கியார் கூறிய புயலையும் குழியையும் பார்ப்போம். அடக்கத்தின்போது மழையும் பனியும் சேர்ந்து கொட்டின, கூடவந்தோர் பாதி வழியில் திரும்பினர் என்னும் கதை எப்போது எழுந்தது? 1856-ல், அடக்கம் நடந்து ஏறக்குறைய 65 ஆண்டுகள் கழித்து, வியன்னாப் பத்திரிகை ஒன்றில்! அதிலிருந்து பெரிய வரலாற்று நூல்களிலும் புகுந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்குமேல் எவரும் ஐயுறவில்லை. கடைசியில் ஸ்லோனிம்ஸ்கி என்னும் ஆய்வாளர், “அன்று வானிலை எப்படியிருந்தது?” என்று கேட்டார். வியன்னா வானிலை நிலையத்துக்கு எழுதி, பழைய குறிப்புகளை வரவழைத்தார். மாதாகோயிற் பதிவேடு காட்டும் டிசம்பர் 6-ந் தேதியன்று மெல்லிய கீழ்க்காற்றே வீசியது. நீர் உறையும் அளவுக்குக் குளிருமில்லை. ட்ஸின்ட்ஸென்டார்ஃப் பிரபு நாள்தோறும் பிரெஞ்சு மொழியில் எழுதிவந்த குறிப்பேட்டிலும், மிதமான வானிலையும் மூடுபனியும் என்றே அந்நாளுக்கு எழுதியிருக்கிறது. இதனை ஸ்லோனிம்ஸ்கி 1960-ல் வெளியிட்டார். அடக்கம் 7-ந் தேதி நடந்திருக்கலாம் என்று வாதிக்கும் ஆய்வாளரும் உளர். அவர்களும் அக்கால ஏடுகளையும் சட்டங்களையும் கொண்டே வாதிக்கின்றனர், கண்ணீரைக் கொண்டன்று.

‘அநாதைக் குழி’ என்பதும் அவ்வாறே. இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி 1784-ல் வியன்னாவில் அடக்கச் செலவையும் ஆடம்பரத்தையும் குறைத்துச் சட்டம் செய்தார். அதன்படி நகர மக்களிற் பெரும்பாலோர் பெற்ற மூன்றாம் தர அடக்கமே மொசார்ட்டுக்கும் நடந்தது. அதற்கு 8 ஃபுளோரின் 56 குரோய்ட்சரும், பிண வண்டிக்கு 3 ஃபுளோரினும் கட்டணம். புனித மார்க்ஸ் இடுகாட்டில் எளிய தனிக்குழியில் அடக்கினர். சில ஆண்டுகள் கழித்து அக்குழிகளை மீண்டும் தோண்டிப் பிறருக்குப் பயன்படுத்துவது அவ்விடத்து வழக்கம். ஆதலால் இடம் இன்னதென்று இன்று தெரியவில்லை. மயானம்வரை உறவினர் செல்லாமையும் அந்நாளைய நடைமுறையே. இதில் எளிமை உண்டு. ஆடம்பர வெறுப்பு உண்டு. ஒரு மேதையை நாய்போல் எறிந்த கொடுமை இல்லை. ஆடம்பரச் சடங்குகளை ஒழிக்கவேண்டுமென்று வாதாடும் நாமே, எளிய அடக்கத்தைக் கேவலமென்று சித்திரிக்கும் கதைக்குக் கண்ணீர் வடிப்பது வேடிக்கையன்றோ?

இவ்வளவும் சொன்னால் எழும் மறுப்புகளை நாம் அறிவோம்.

“நெருப்பில்லாமல் புகையுமா?” என்பர் சிலர். புகையும், பிறர் மூட்டினால் புகையும். 1791-ல் கிளம்பிய புகையில் சாலியேரி இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, பேச்சற்றுக் கிடந்த கிழவர் தலையில் அதைக் கொண்டுபோய் இறக்கினர். நமது தோட்டங்களிலே இப்புகையால் கெட்ட குடும்பங்கள் எத்தனை! லயத்தில் ஒருவர் காதில் ஒருவர் ஓதிய சொல், பெரட்டுக் களத்துக்குப் போவதற்குள் நடந்த செய்தியாகி, ஒரு பெண்ணின் வாழ்வையோ ஒரு தொழிலாளியின் நற்பெயரையோ பொசுக்கிவிட்டதைக் கண்ணாரக் கண்டவர்கள் நம் வாசகர்களிலேயே பலர். அவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

“கதைதானே, கேட்டு ரசித்தால் போதாதா?” என்பர் வேறு சிலர். ரசியுங்கள். புஷ்கினைப் படியுங்கள், படத்தையும் பாருங்கள். கதையென்று சொல்லிக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் இருந்த மனிதன் பெயரை வைத்து, நடந்த ஆண்டைச் சொல்லி, ‘சரித்திரம்’ என்று முழங்குவீர்களாயின் நாங்கள் கேட்கும் கேள்விக்கு விடை தந்தாக வேண்டும்.

“ஜெர்மன் மொழிக்கு நாம் எங்கே போவது? நாம் என்ன கலாசாலைப் பண்டிதர்களா?” என்பர் இன்னுஞ் சிலர். இதற்குத்தான் நாம் விரிவாக விடைகூற விரும்புகின்றோம். ஒருகாலத்தில் நம் பாட்டன்மார் தோட்டத்தில் வேலைசெய்தபோது, அவர்கள் உழைத்த நாட்கள் ஆங்கில எழுத்தில் செக்ரோலில் ஏறின. முழுநாள் உழைத்தவனுக்கு அரைநாள் என்று விழுந்தால், அது அவனுக்குத் தெரியாத மொழியில் விழுந்தது. “கிராணி சொன்னால் சரிதான்” என்று வாய்மூடிப் போனவன் கூலியிழந்தான். “ஐயா, புத்தகத்தைக் காட்டு, எழுதியிருப்பதை எனக்குப் படித்துச் சொல்லு” என்று கேட்டவன், பள்ளிக்கூடம் போன பையனைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டவன், தன் கூலியை மீட்டான். அவன் பண்டிதனல்லன். ஏடு வேற்று மொழியில் இருப்பது கேள்வியை விடுவதற்குக் காரணமாகாது என்று அறிந்தவன். கூலிக்காக அப்பாட்டன் செய்ததை, ஒரு மனிதனின் மானத்துக்காக நாம் செய்யமாட்டோமா?

இன்றோ வழி இன்னும் எளிது. மொசார்ட் குடும்பத்தாரின் கடிதங்களை 1938-லேயே எமிலி ஆண்டர்சன் அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மொசார்ட்டைப் பற்றிய பதிவேடுகளையும் பத்திரிகைச் செய்திகளையும் ஓட்டோ எரிக் டாய்ச் என்பார் 1961-ல் ஒரே நூலாகத் தொகுத்தார். ஆங்கிலத்திலும் அது வந்துள்ளது. மூலக் கடிதங்களைச் சால்ஸ்பர்க் மொசார்ட்டேயம் நிறுவனம் இணையத்திலே எவரும் காசின்றிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் நாள்தோறும் புழங்குகின்ற நமக்கு, ஒரு மொழியின் வாயிலில் நின்று கதவைத் தட்டுவது புதிதன்று. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கடிதத்தைப் படிக்க ஒரு மாலைப் பொழுது போதும். படத்தைப் பார்க்க ஆகும் நேரமும் அதுதான்.

ஆகவே நாம் வேண்டுவது மிகையன்று. மேடையேறுவோரும் பேனா பிடிப்போரும் எந்த இசைவாணரைப் பற்றியும், அவர் மேனாட்டவராயினும் நம் நாட்டவராயினும், ஒரு செய்தியைச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். இதனை முதலில் சொன்னவர் யார்? அவர் நேரிற் கண்டவரா, கேட்டவரா? அவர் சொன்ன மொழியில் அவர் சொன்னது இதுதானா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் துணிந்து சொல்லட்டும். கிடைக்காவிடில், ‘என்று ஒரு கதை வழங்குகிறது’ என்னும் நான்கு சொற்களைச் சேர்த்துச் சொல்லட்டும். அந்நான்கு சொற்களால் பிரசங்கத்தின் சுவை சிறிது குறையலாம்; ஒரு மனிதனின் தலைமேல் ஏறும் பொய்ப்பழி குறையும்.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. கைதட்டுமுன் கேள்வி கேளுங்கள். “ஆதாரம் எங்கே?” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, சொல்பவரை அறிவுடையவராக மதித்துக் கேட்பதே அது. வள்ளுவரைக் கூட்டந்தோறும் போற்றுகின்ற நாம், அறிவுக்கு அவர் வகுத்த இலக்கணத்தை அக்கூட்டத்திலேயே மறப்பது முறையன்று. இப்பத்திரிகையில் நாம் எழுதுவதையும் அவ்வாறே கேளுங்கள். இக்கட்டுரையை முதலாகக் கொண்டே தொடங்குங்கள். நாம் தவறியிருந்தால் ஆதாரத்தோடு எழுதுங்கள். அதனை வெளியிட்டுத் திருத்திக்கொள்வோம்.

அம்மூதாட்டியார் கேட்ட கேள்விக்கு விடை சொல்லி முடிப்போம். அம்மா, அவர் நல்ல சாவு சாகவில்லை. ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஒரு நகருக்கு இசை தந்து, மாணாக்கர் பலரை உருவாக்கி, கடைசியில் மருத்துவமனைப் படுக்கையில், தாம் செய்யாத கொலையைச் செய்ததாக ஊர் பேசுவது தம் காதில் விழ, அதை மறுத்துக்கொண்டே செத்தார். அவர் உயிரோடிருந்தபோது வியன்னா பேசியதை, அவர் செத்து இருநூறு ஆண்டுகள் கழித்து நாமும் தமிழிற் பேசவேண்டுமா? கோவலனைக் கொல்வித்த பாண்டியனாவது, சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் தன் தவற்றை உணர்ந்து உயிர்விட்டான். நாம் உயிர்விட வேண்டாம். அடுத்த மேடையில் அப்பொய்யை விட்டால் போதும்.